மடியில் மிச்சம் வைத்த பால் மாலையில் சேர்ந்து வராது

கால்நடை ஆலோசனை: வாசகர் கேள்வி

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் கட்டுத்தரையில் ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புப் பசுவும் ஒரு காங்கேயம் பசுவும் இருக்கின்றன. கலப்புப் பசு சித்திரைக் கடைசியில் இரண்டாவது ஈத்து ஈன்றது. ஒரு மாதத்தில் வெடியால 9, பொழுதோட 7 என்று 16 லிட்டருக்கு வந்துவிட்டது. வைகாசியில் மகள் கல்யாணம். ஒரம்பரை வந்துபோன அந்த ஒரு வாரம் கறவைக்கு வெளியாள் வைத்தோம். அவர் காலையில் மட்டும்தான் வந்தார். மாலையில் நானோ மச்சாண்டாரோ அவசரத்துக்குக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டோம். கல்யாணம் முடிந்து பார்த்தால் பால் 11 லிட்டர்தான். அடர்தீவனத்தை 7 கிலோவிலிருந்து 9 கிலோ ஆக்கினேன். பருத்திக்கொட்டை, வெல்லம், ரேஷன் அரிசிக் கஞ்சி என்று எதையும் விடவில்லை. பாலு ஏறமாட்டீங்குதுங்க. பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் டிகிரி வேறு குறைகிறது. 'ஊசி போடுங்க, இறங்கிடும்' என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். 'காலையில் கொஞ்சம் மடியிலேயே விட்டுவை, பொழுதோட சேர்ந்து வரும்' என்கிறார் மாமியார். எவ்வளவு பால் ஊறவேண்டும் என்று தீர்மானிப்பது தீவனமா, மடியா? காங்கேயம் பசு கன்று இல்லாமல் ஏன் சொட்டுக்கூட விடுவதில்லை?"

அம்மணி, தீர்மானிப்பது மடிதான். தீவனம், தண்ணீர், உடம்பில் ஓடும் ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஓர் எல்லையைப் போடுகின்றன. அந்த எல்லைக்குள் இன்றைக்கு எவ்வளவு சுரப்பது என்பதை மடிக்குள் இருக்கும் சுரப்புச் செல்கள் முடிவு செய்கின்றன. போன கறவையில் மடி எவ்வளவு காலியானது, எத்தனை மணி நேரம் பால் தேங்கி நின்றது என்பதுதான் அவற்றுக்குக் கணக்கு. கல்யாண வாரத்தில் உங்கள் மாட்டின் மடிக்குக் கிடைத்த சேதி, 'இவ்வளவு பால் தேவையில்லை' என்பது. அதற்குப் பிறகு நீங்கள் கூட்டியது தீவனத்தை. மடிக்குப் போன சேதி மாறவில்லை.

மடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மடி வெறும் பால் பை இல்லை. கால் மில்லிமீட்டரைத் தாண்டாத நுண்ணறைகள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் உட்சுவரிலும் ஒரே ஒரு வரிசையாகச் சுரப்புச் செல்கள். அவற்றுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் பால். ரத்தத்திலிருந்து குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், அசிட்டேட், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றை இழுத்து, உள்ளே பாலாக்கி, அறையின் நடுப்பகுதிக்குத் தள்ளுவது இந்தச் செல்கள்தான். 1 லிட்டர் பால் ஊற 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடவேண்டும். அறையைச் சுற்றி வெளியே வலைபோலத் தசைச் செல்கள் இருக்கின்றன. இவை பால் சுரப்பதில்லை. சுரந்த பாலைப் பிழிந்து குழாய்களுக்குள் இறக்குவது மட்டுமே இவற்றின் வேலை. சுரப்பது ஒரு செல், இறக்குவது இன்னொரு செல். ஊசியைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

பாலின் அளவை நிர்ணயிக்கும் பொருள் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. சுரப்புச் செல் குளுக்கோஸை எடுத்து லாக்டோஸாக மாற்றுகிறது. செல்லுக்குள் இருக்கும் நுண்பைகளில் சேரும் லாக்டோஸ் அவற்றின் சுவரைத் தாண்டி வெளியேற முடியாததால், தன் அளவுக்குத் தக்கபடி தண்ணீரை இழுக்கிறது. அப்படி இழுக்கப்பட்ட தண்ணீர்தான் பாலின் பெரும்பகுதி. அதனால்தான் நல்ல மடியிலிருந்து வரும் பாலில் லாக்டோஸ் எப்போதும் 4.6 முதல் 4.8 சதவீதத்துக்குள் நிற்கிறது. லாக்டோஸ் கூடினால் பால் கெட்டியாவதில்லை, அளவு கூடுகிறது. 1 கிலோ பாலுக்கு ஏறக்குறைய 70 கிராம் குளுக்கோஸ் செலவாகும். 16 லிட்டர் என்றால் மடி மட்டும் ஒரு நாளைக்கு 1 கிலோவுக்கு மேல் குளுக்கோஸ் கேட்கும்.

இந்த இடத்தில்தான் வெல்லம் ஏமாற்றுகிறது. நாம் வெல்லம் சாப்பிட்டால் அது நேராக ரத்தத்தில் சர்க்கரையாகும். மாட்டுக்குக் கொடுத்த வெல்லத்தை முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அமிலமாக்கிவிடும். மாட்டின் குளுக்கோஸில் பெரும்பகுதி, தீவனத்தின் மாவுச்சத்து நொதித்து வரும் புரோப்பியோனேட்டிலிருந்து கல்லீரலில் தயாராகிறது. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, நார்ச்சத்து நொதித்து வரும் அசிட்டேட்டிலிருந்து மடியிலேயே உருவாகிறது. எனவே பாலின் அளவுக்கு மாவுச்சத்து, கொழுப்புக்கு நார்ச்சத்து, இரண்டும் வேண்டும். ஒன்றைக் கூட்டி மற்றதை விட்டால் முதல் வயிறு கெடும்.

இனி கட்டுப்பாட்டு விஷயம். ஒரே மாட்டில் ஒரு பக்கத்துக் காம்புகளை மட்டும் கூடுதல் தடவை கறந்து பார்த்த ஆய்வுகளில், அந்தப் பக்கத்தில் மட்டும் பால் கூடியது. மறுபக்கத்தில் கூடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஓடுவது ஒரே ரத்தம், அதில் இருப்பது ஒரே தீவனச்சத்து, ஒரே ஹார்மோன். ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் அந்தந்தக் கால்மடிக்குள்ளேயே, அதாவது ஒவ்வொரு காம்புக்கும் உரிய மடிப் பகுதிக்குள்ளேயே நடக்கிறது. பால் தேங்கத் தேங்க அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது, செல்கள் நசுங்கித் தட்டையாகின்றன. சுரப்புச் செல்களே செரோடோனின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. தேங்கிய பாலோடு அதுவும் சேர்ந்து, பால் புரதம் தயாரிக்கும் மரபணுக்களை மட்டுப்படுத்துகிறது, செல்களுக்கு இடையிலான இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை போன்ற ஏற்பாடு இது. தொட்டி காலியாகாமல் மோட்டாருக்கு எத்தனை கரண்ட் கொடுத்தாலும் தண்ணீர் ஏறாது.

மணிக்கணக்கு முக்கியம். சங்கத்து நேரத்துக்காக நம் பக்கத்தில் காலை 5 மணிக்கும் மாலை 3 மணிக்கும் கறப்பது வழக்கம். 14 மணி நேரம், 10 மணி நேரம் என்ற இந்த இடைவெளியில் 16 லிட்டர் மாட்டுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. காலையில் 9, மாலையில் 7 என்ற உங்கள் கணக்குக்கும் காரணம் இந்த இடைவெளிதான். குறைந்த நேரத்தில் ஊறிய மாலைப் பாலில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இடைவெளி 16 மணி நேரத்தைத் தொட்டால் நிறையக் கறக்கும் மாட்டில் சுரப்பு மந்தமாகும். 18 மணி நேர வாக்கில் செல்களுக்கு இடையிலான அடைப்புகள் தளரும். லாக்டோஸ் ரத்தத்துக்குக் கசியும், ரத்தத்தின் உப்பு பாலுக்குள் வரும். பால் லேசாக உப்புக் கரிக்கும். அளவை உண்டாக்கும் லாக்டோஸே வெளியே போய்விட்டால் பால் எப்படிக் கூடும்? ஒரு வேளை மட்டும் கறந்தால் 20 முதல் 30 சதவீதம் வரை பால் குறைவது வழக்கமாகக் காண்பது. உங்களுக்குக் குறைந்தது 16-க்கு 5. ஏறக்குறைய அதே கணக்கு.

கல்யாணம் வந்த நேரம்தான் கூடுதல் சங்கடம். ஈன்று 6 முதல் 8 வாரத்தில் மாடு உச்சத்துக்கு வரும். மொத்தப் பால் என்பது சுரப்புச் செல்களின் எண்ணிக்கையும், ஒவ்வொரு செல்லும் செய்யும் வேலையும் சேர்ந்த கணக்கு. உச்சம் தாண்டிய பிறகு மாதத்துக்கு 8 முதல் 10 சதவீதம் பால் இறங்குவது இயல்பு. அதற்குப் பெரும் காரணம் செல்கள் சோம்பிப்போவது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோவது. பால் தேங்கினால் முதலில் செல்லின் வேலை குறையும். அது திரும்ப வரும். தேக்கம் நீண்டால் செல்களே கழியும். அவை இந்த ஈத்தில் பெரிதாகத் திரும்பி வருவதில்லை. நல்லவேளையாகப் பசுவின் மடி உடனே கைவிட்டுவிடாது. சில நாள் தேக்கம் வரை மீள வழி உண்டு. உங்கள் மாடு இழந்த 5 லிட்டரில் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருக்கும் செல்களுடையது, மறுபகுதி போன செல்களுடையது. அதனால் 13, 14 லிட்டருக்கு முயல்வது நியாயம். 16-ஐ இந்த ஈத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

மாமியார் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பெரியவர்கள் அப்படிச் சொல்வது கன்றுக்கு மிச்சம் வைத்த பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். கன்று குடித்தால் மடி காலியாகிவிடும், அதில் தவறில்லை. யாரும் குடிக்காமல் உள்ளேயே நிற்கும் பால்தான் சுரப்பைக் குறைக்கும். காசுக் கணக்கிலும் அது நஷ்டம். முதல் பீய்ச்சலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும், கடைசிப் பாலில் அதைப்போலப் பல மடங்கு. கடைசி அரை லிட்டரை மடியில் விட்டால் சங்கத்தில் கொழுப்பும் குறையும்.

டிகிரி விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்யாண வாரத்துக் கசிவு அந்த வாரத்தோடு சரியாகியிருக்க வேண்டும். ஆடிக் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது, வெயில்மேல் பழிபோட முடியாது. இப்போதும் டிகிரி குறைகிறது என்றால் வெளியே தெரியாத மடிநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மடி நிரம்பிப் பால் தானாகச் சொட்டும்போது காம்புத் துளை திறந்து கிடக்கும், கிருமி ஏறுவதற்கு அதுபோதும். நோய்பட்ட கால்மடியில் செல்கள் நேரடியாகவே சேதமாகும், லாக்டோஸ் குறையும். பாலில் பிசிறும் மடியில் வீக்கமும் இல்லாமலேயே இத்தனையும் நடக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். துணி துவைக்கும் சோப்புத்தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு சின்ன வெள்ளைத் தட்டுகள் போதும். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீய்ச்சலைத் தனியே விட்டுவிட்டு, அடுத்த பாலில் இரண்டு ஸ்பூனை அந்தந்தத் தட்டில் எடுத்து, அதே அளவு சோப்புக் கரைசல் ஊற்றி அரை நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். தண்ணீர்போலவே ஓடினால் அந்தக் கால்மடி சரி. கொழகொழவென்று திரண்டால் அதில் நோய் இருக்கிறது. கிருமியை எதிர்க்க ரத்தத்திலிருந்து வந்து குவிந்த செல்கள் சோப்பில் உடைந்து திரள்வதுதான் அது. பீய்ச்சிய முதல் பாலைக் கட்டுத்தரையில் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். திரண்டால் கடைக்குப் போய் மடியில் ஏற்றும் மருந்து வாங்கிப் போட வேண்டாம். காம்பைத் துடைத்து, சுத்தமான பாட்டிலில் பால் மாதிரி பிடித்து, கால்நடை மருந்தகம் வழியாக மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்து போடும் மருந்துதான் செல்களைக் காப்பாற்றும். மருந்து போடும் நாட்களிலும் மருத்துவர் சொல்லும் விலக்கு நாட்கள் முடியும் வரையிலும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது.

நான்கு தட்டும் சுத்தமாக இருந்தால் கறவைக்கு வாருங்கள். பால் குறைந்த வீடுகளில் தீவனத்தைவிட அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான்.

கலப்புப் பசுவின் மடியில் இருக்கும் பாலில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் காம்புக்கு மேலே தேங்கி நிற்கும். மீதி 80 சதவீதம் நுண்ணறைகளிலும் சின்னக் குழாய்களிலும் இருக்கும். அதை இறக்க மூளையிலிருந்து ஆக்சிடோசின் வரவேண்டும். காம்பைத் தொட்டதும் மூளைக்குச் சேதி போய், ஆக்சிடோசின் ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்துசேர ஒரு நிமிடம் ஆகும். அதன் வேகம் 6, 7 நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்குள் கறந்து முடிக்காவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே நிற்கும். மடியைக் கழுவிவிட்டு ஃபோன் பேசப் போய்ப் பத்து நிமிடம் கழித்து உட்கார்ந்தால், பால் இறங்கிவந்த நேரம் வீணாகியிருக்கும்.

காம்புகளை மட்டும் கழுவுங்கள். மடி முழுவதும் தண்ணீர் அடித்தால் அழுக்குத் தண்ணீர் காம்பு நுனிக்கு வடியும். சுத்தமான துணியால் ஒவ்வொரு காம்பையும் அழுத்தித் துடையுங்கள், இந்தத் துடைப்புதான் மூளைக்குப் போகும் சேதி. கறுப்புக் கிண்ணத்தில் மூன்று பீய்ச்சல் எடுத்து, பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும், காம்புகள் விறைத்து நிற்கும். அப்போது தொடங்கி நிறுத்தாமல் முழுக்கையால் கறக்கவேண்டும். கட்டைவிரலை மடக்கி இழுக்கும் கறவை காம்பின் உட்தோலைக் காயப்படுத்தும், அங்கே தழும்பு விழுந்து பால் கட்டும். வேகம் குறைந்ததும் மடியை மேலிருந்து கீழாக நான்கைந்து முறை நீவிவிட்டு ஒட்டக் கறந்துவிடுங்கள். கடைசியில் ஒவ்வொரு காம்பையும் 0.5 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை மாடு படுக்காமல் இருக்க முன்னால் பசுந்தட்டைப் போடுங்கள்.

ஆள் மாறுவது, புதுக் குரல், அடி, நாய் குரைப்பு, கல்யாண மைக் சத்தம் எல்லாம் மாட்டை மிரட்டும். மிரண்ட மாட்டின் மூளை ஆக்சிடோசினை விடாமல் பிடித்துக்கொள்ளும். அட்ரினலின் ஏறி மடியின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால், வந்த கொஞ்சமும் தசைச் செல்களுக்குப் போய்ச்சேராது. உங்கள் வெளியாள் நன்றாகக் கறப்பவராகவே இருந்திருக்கலாம். புது ஆள் என்பதாலேயே காலைக் கறவையும் அந்த வாரம் முழுசாக முடிந்திருக்காது. அடுத்த விசேஷத்துக்கு ஆள் வைக்கவேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்பே வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று பழக்குங்கள்.

இப்போதைக்கு 15 நாள் மூன்று வேளை கறந்து பாருங்கள். காலை 5, மதியம் 12.30, இரவு 8 மணி. சங்கத்துக்கு இரண்டு வேளைதான் ஊற்ற முடியும் என்றால் காலை 5, காலை 11, மாலை 4 என்றாலும் சரி, 11 மணிப் பால் தயிருக்கும் வீட்டுக்கும் ஆகும். ஒவ்வொரு வேளை அளவையும் சுவரில் எழுதிவையுங்கள். 10 நாளில் ஒரு லிட்டராவது ஏறினால் தூங்கிய செல்கள் விழிக்கின்றன என்று அர்த்தம், இன்னும் இரண்டு வாரம் தொடரலாம். துளியும் ஏறாவிட்டால் மூன்று வேளையை விட்டுவிடுங்கள், உழைப்புக்கு அது ஈடாகாது.

தீவனம். 11 லிட்டர் மாட்டுக்கு உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோவும், இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ வீதமும் கணக்கிட்டால் 6 கிலோவுக்குள் அடர்தீவனம் போதும். இப்போது கொடுக்கும் 9 கிலோவில் மடி கேட்காத சத்து முதுகில் கொழுப்பாகத்தான் சேரும். ஒரே நாளில் வெட்டாமல் நாலைந்து நாளில் 7 கிலோவுக்கு இறக்குங்கள். ஒரு கிலோ கூடுதலாக வைப்பது பால் ஏறினால் தாங்குவதற்கு. ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோவைத் தாண்டாமல் மூன்றாகப் பிரித்துவிடுங்கள். கறக்கும்போதே கொஞ்சம் தின்னக் கொடுத்தால் பால் இறங்குவதும் நன்றாக இருக்கும். அரிசிக் கஞ்சியை இன்றே நிறுத்துங்கள். வெந்த மாவுச்சத்து சட்டென்று நொதித்து முதல் வயிற்றைப் புளிக்க வைக்கும். அசைபோடுவது குறையும், சாணம் இளகும், கொழுப்பு சதவீதம் விழும், கொஞ்ச நாளில் குளம்பில் நோவு தெரியும். ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை 1 கிலோவுக்குள் இருக்கட்டும். எண்ணெய்ச்சத்து மீறினால் நார் நொதிப்பது கெடும். கோ-4 அல்லது கோ-5 புல் 25 கிலோவை நறுக்கிக் கொடுங்கள், வேலிமசால் இருந்தால் அதில் 4, 5 கிலோ சேரட்டும், சோளத்தட்டு மூன்றரைக் கிலோ. தாது உப்புக் கலவை 50 கிராம், கல்லுப்பு 30 கிராம், சமையல் சோடா 50 கிராம் தீவனத்தில் கலந்துவிடுங்கள். தண்ணீர் தொட்டியில் எந்நேரமும் நிற்கட்டும். இந்த மாட்டுக்கு ஒரு நாளைக்கு 70, 80 லிட்டர் வேண்டும். இரண்டு வேளை மட்டும் காட்டினால் அவ்வளவும் குடிக்காது.

ஊசி வேண்டாம். கடையில் சத்தமில்லாமல் விற்கும் அந்த மருந்து ஆக்சிடோசின்தான். அது தொடுவது பிழியும் தசைச் செல்லை, சுரப்புச் செல்லை இல்லை. மடியில் தேங்கியிருப்பதை இறக்கும், அதனால் முதல் இரண்டு நாள் பால் கூடினதுபோலத் தெரியும். தினமும் போட்டால் மாட்டின் சொந்த ஆக்சிடோசினுக்கு மடி சரியாகக் கேட்காமல் போகும், பிறகு ஊசி இல்லாமல் பால் இறங்காது. மாடு பயந்து பாலை அடக்குகிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால், சில நாள் மட்டும், அவர் சொல்லும் அளவில் போடுவது சிகிச்சை. வீட்டில் நாமாகவே போடுவது அப்படி இல்லை. கறவை மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான எந்தப் பொருளையும் பால் கூட்டுவதற்காக ஊசி மூலம் ஏற்றுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம்.

காங்கேயம் பசுவுக்கு வருகிறேன். நாட்டு மாடுகளின் மடியில் காம்புக்கு மேல் தேங்கும் பால் மிகக் கொஞ்சம், ஏறக்குறைய எல்லாமே நுண்ணறைகளில்தான் நிற்கும். ஆக்சிடோசின் வராமல் கையில் எதுவும் கிடைக்காது. அது வருவதற்கு அந்த மாட்டின் மூளைக்குக் கன்றின் வாசமும் ஊட்டும் வேண்டும். கலப்பு மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கன்று இல்லாமல் கறந்து தேர்ந்தெடுத்ததால் துடைக்கும் துணியே அவற்றுக்குப் போதுமானதாகிவிட்டது. காங்கேயத்துக்குக் கன்றை ஒரு நிமிடம் விடுங்கள். நான்கு காம்பும் விறைத்ததும் கன்றை முன்னால் கட்டி, தாய் நக்கும்படி வைத்துக் கறங்கள், கடைசியில் கன்றைத் திரும்ப விடுங்கள். கன்று செத்தால் மாடு வற்றிப்போவதும் இதனால்தான். பால் சுரந்துதான் இருக்கும், இறங்காது. இறங்காத பால் தேங்கித் தேங்கிச் சுரப்பை நிறுத்திவிடும். அப்படி நேர்ந்தால் முதல் இரண்டு நாளிலேயே, மெதுவாக, தீவனம் காட்டி, ஒரே ஆள் தொடர்ந்து நீவிக் கறந்தால் சில மாடுகள் பழகும். நாள் கடத்தினால் பழகாது.

கடைசியாக ஒன்று, இது அடுத்த ஈத்துக்கு. உங்கள் மாடு சித்திரைக் கடைசியில் ஈன்றது என்றால் அதன் வற்றுகாலம் மாசிக் கடைசி, பங்குனி, சித்திரை வெயிலில் போயிருக்கிறது. கன்று போடுவதற்கு முந்தைய 60 நாளில்தான் மடி பழைய செல்களைக் கழித்துப் புதுச் செல்களைப் பெருக்கும். அந்த நாட்களில் வெப்பம் தாக்கினால் புதுச் செல்கள் குறைவாகவே உண்டாகும், பிறகு எவ்வளவு தீவனம் போட்டாலும் அந்த எண்ணிக்கைக்குள்தான் பால். வற்றுகால மாட்டைத் தகர ஷெட்டில் கட்டி, கறவை மாட்டை மட்டும் வேப்ப மரத்தடியில் கட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். வற்றுகால மாட்டுக்கும் நிழல் வேண்டும். மதியம் இரண்டு மூன்று தடவை முதுகில் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படும்படி விடுங்கள்.

இப்போது சினை ஊசி போட நேரம் வந்துவிட்டது. சினை நின்ற தேதியை எழுதிவைத்து, 7 மாதம் முடிந்ததும் கறவையை நிறுத்துங்கள். 'இன்னும் 5 லிட்டர் கறக்கிறதே' என்று ஈனும்வரை கறந்தால் அடுத்த ஈத்தில் ஏறக்குறைய கால்பங்கு பால் போகும். நிறுத்தும்போது அடர்தீவனத்தை ஒரு வாரம் முன்பே குறைத்து, 5 லிட்டருக்குள் வந்ததும் ஒருநாள் ஒட்டக் கறந்துவிட்டு அன்றோடு நிறுத்துங்கள். விட்டுவிட்டுக் கறப்பது மடிநோய்க்கு வழி. நிறுத்தும் அன்று நான்கு காம்பிலும் வற்றுகால மருந்து ஏற்றவேண்டுமா என்று சோப்புத்தூள் சோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள். ஈன்றபின் முதல் மூன்று வாரம் மூன்று வேளை கறங்கள். செல்கள் பெருகி முழு வேலைக்கு வரும் காலம் அது, அப்போது மடிக்குப் போகும் சேதி அந்த ஈத்து முழுவதும் நிற்கும். அந்த மூன்று வாரத்தில் காய்ச்சலோ, எழ முடியாமையோ, ஒரு காம்பில் மட்டும் வீக்கமோ தெரிந்தால் 1962 எண்ணுக்கு உடனே அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கட்டுத்தரைக்கே வரும்.